குருவிப் பெட்டி காலியாகவே கிடக்கிறது. குண்டுகரிச்சானுக்கு எப்படிப் பெட்டி செய்வது?

தஞ்சாவூர் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டிய வீடு, விடியற்காலையில் குண்டுகரிச்சான் (ஆங்கிலத்தில் மேக்பை ராபின் என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை) பாடுகிறது, ஆனால் கடையில் வாங்கி மாட்டிய குருவிப் பெட்டியை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டைதான் காரணம். சிட்டுக்குருவிப் பெட்டியின் வாசல் பொதுவாக ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் இருக்கும். குண்டுகரிச்சான் வாலோடு 19 செ.மீ. நீளம் வரும் பறவை. அதற்கு 2 அங்குலம் வேண்டும். அதற்கு மேல் பெரிதாக்கினால் மைனா குடியேறிவிடும்.

முன்பு பூங்குருவிகளோடு சேர்த்து வைத்திருந்த இந்தப் பறவையை இப்போது ஈப்பிடிப்பான் குடும்பத்தில் வைக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் நம் ஊர்ப் பெட்டிக்கு வரக்கூடியவை இரண்டுதான்: குண்டுகரிச்சான், கருஞ்சிட்டு (இந்தியன் ராபின்). மார்கழியில் தோப்புக்குள் கிளை நுனியில் உட்கார்ந்து பறந்து பறந்து பூச்சி பிடிக்கும் பழுப்பு ஈப்பிடிப்பான் வலசை வருவது. கோடைக்கு முன் வடக்கே போய்விடும், அதற்குப் பெட்டி தேவையில்லை.

காவிரி டெல்டாவில், பொந்தில் கூடு கட்டும் இந்த இரண்டுக்கும் பொந்து கிடைப்பது அருகிவருகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் ஓட்டு வீட்டு இடுக்குகளும் போய் கான்கிரீட் வந்துவிட்டது. மிச்சமிருப்பது மரங்கொத்தி குடைந்த மொட்டைத் தென்னைகள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைகளை முறித்துப் போட்டபோது அப்படிப்பட்ட மரங்கள் நிறைய நின்றன. ஆனால் மட்கும் தென்னையில் காண்டாமிருக வண்டு பெருகும் என்பதால் அவற்றை வெட்டி அகற்றத்தான் வேண்டும். தோப்பைக் காப்பாற்றுகிற விவசாயியைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் தென்னை உள்ள இடங்களில் பெட்டி வைப்பது மிகவும் அவசியம் என்கிறேன்.

6 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம், ஐந்தரை அடி நீளத்தில் ஒரு பலகை போதும். வேம்பு நல்லது. மாம்பலகை ஒரே மழைக்காலத்தில் உளுத்துவிடும். பின்பலகை 16 அங்குலம், முன்பலகை 10, பக்கப் பலகை இரண்டும் பின்புறம் 11, முன்புறம் 10 வருமாறு சரிவாக, அடிப்பலகை நாலரை, கூரை 10. பக்கப் பலகைகளை முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் வைத்து அடித்தால் உள்ளே நாலரைக்கு 6 அங்குல இடம் கிடைக்கும். கூரை முன்னால் மூன்றங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். சாரல் அடிக்காமலிருக்க அது வேண்டும்.

வாசலின் மையம் முன்பலகையின் அடியிலிருந்து 7 அங்குலத்தில் வரட்டும். இந்த ஆழத்தைக் குறைக்காதீர்கள். செம்போத்தும் வால்காக்கையும் முட்டையையும் குஞ்சையும் தின்பவை. வாசலில் தலையை விட்டாலும் அலகு கூட்டுக்கு எட்டக் கூடாது. கடைப் பெட்டிகளில் வாசலுக்குக் கீழே ஒரு குச்சி இருக்கும், அதையும் வைக்காதீர்கள். குண்டுகரிச்சானுக்கு அது தேவையே இல்லை, திருட வருகிறவனுக்குத்தான் உட்கார இடம். முன்பலகையின் உட்பக்கம், வாசலுக்குக் கீழே, ரம்பத்தால் குறுக்கே நாலைந்து கோடு கீறிவிடுங்கள். வழவழப்பான பலகையில் குஞ்சுகளால் ஏறி வெளியே வர முடியாது.

அடிப்பலகையின் நான்கு மூலையிலும் பென்சில் கனத்துக்கு ஓட்டை போடுங்கள். பக்கப் பலகைகளின் மேல் ஓரத்திலும் காற்றுக்கு ஒவ்வொன்று. கூரையும் பின்பலகையும் சேருமிடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் ஒழுகாது. ஒரு பக்கப் பலகைக்கு மட்டும் ஆணி அடிக்காமல் திருகாணி போடுங்கள், பிறகு கழற்றிச் சுத்தம் செய்யலாம். உள்ளே பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். தகர டப்பா, பிளாஸ்டிக் குழாய் என்று சிக்கனம் பார்த்தால் சித்திரை வெயிலில் குஞ்சுகள் வெந்து சாகும்.

தை கடைசிக்குள் மாட்டிவிடுங்கள். மார்ச் முதல் ஜூலை வரைதான் முக்கியமான கூடுகட்டும் காலம். தரையிலிருந்து 7 முதல் 10 அடி உயரத்தில், வாசல் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்து இருக்கட்டும், மேற்கு வெயில் நேராக விழக் கூடாது. தென்னையில் மாட்டுவதானால் ஆணி அடிக்காதீர்கள். தென்னையில் காயம் ஆறாது, அந்த இடத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். நைலான் கயிற்றால் கட்டுங்கள். எலிக்காகத் தகரம் அடித்த மரமாக இருந்தால், தகரத்துக்கு மேலே கட்டினால் பூனையும் ஏறாது. முசுறு எறும்பு கூடு வைத்திருக்கிற மாமரத்தை விட்டுவிடுங்கள், பொரிக்கிற நேரத்தில் அவை உள்ளே புகுந்தால் ஒரு குஞ்சும் மிஞ்சாது.

ஒரு கொல்லைக்கு ஒரு பெட்டி போதும். ஆண் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. கருஞ்சிட்டு தரைக்குப் பக்கத்திலேயே சுவர்ப் பொந்தைத் தேடுகிற பறவை. அதற்கு வேலிச் சுவரில் இரண்டு செங்கல்லை எடுத்து குழி விட்டால், பெட்டி செய்கிற வேலையே இல்லை.

உள்ளே புல்லும் வேரும் நாரும் சேர்ந்து, நீலப்பச்சை நிறத்தில் பழுப்புப் புள்ளியோடு நாலைந்து முட்டை இருக்கும். அடைகாப்பது பெண் மட்டும். அப்போது திறந்து பார்த்தால் கூட்டைக் கைவிட்டுப் போய்விடலாம். ஆணும் பெண்ணும் அலகில் புழுவோடு வந்து போவதைப் பார்த்தால் பொரித்துவிட்டது என்று அர்த்தம், பதினைந்து நாள் வாக்கில் குஞ்சுகள் வெளியேறும். சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையில் தத்துகிற குஞ்சை வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையைக் கட்டிப்போட்டால் போதும்.

பெட்டி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் தரையைப் பாருங்கள். இந்தப் பறவை பெரும்பாலும் இரை எடுப்பது தரையில்தான், சருகைப் புரட்டிப் புழு, வெட்டுக்கிளி, பாச்சை என்று பொறுக்கும். கொல்லையை விளக்குமாற்றால் வழித்துப் பெருக்கி, செடிக்கு மருந்தும் அடித்தால் குஞ்சுக்கு ஊட்ட என்ன இருக்கும்? வாழைக்கட்டைப் பக்கமும் எருக்குழி ஓரத்திலும் சருகை அப்படியே விடுங்கள்.

குஞ்சுகள் போனதும் பழைய கூட்டை எடுத்து எரித்துவிடுங்கள், செள்ளும் பேனும் அதில்தான் தங்கும். கோடையிலேயே காலியானால் அதே பெட்டியில் மறுபடி முட்டையிட வாய்ப்புண்டு. ஆவணியில் இறக்கி வெந்நீர் ஊற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து, ஐப்பசி மழை முடியும்வரை வீட்டுக்குள் வையுங்கள்.