வீட்டின் மேல் கடன் வாங்கி 1795 தங்கக் காசு வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன், வயது 47. மகள் பதினொன்றாம் வகுப்பு. ஆறு வருடமாகப் பழைய அமெரிக்கத் தங்கக் காசுகளைச் சேர்க்கிறேன். 1803, 1806, 1813 வருடத்து ஐந்து டாலர் ஹாஃப் ஈகிள்கள், 1807-இன் இரண்டு வடிவங்கள் என ஐந்து காசுகள் இருக்கின்றன. மொத்தம் 92,000 டாலர் ஆனது. அதில் 62,000 ஹெலாக், அதாவது வீட்டை அடமானமாக வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன். வட்டி இப்போது 8.5 சதவீதம், வட்டியை மட்டும்தான் கட்டி வருகிறேன். என் டீலர், பின்புறம் சிறிய கழுகு பொறித்த 1795 'சிறு கழுகு' ஹாஃப் ஈகிள் ஒன்றை 84,000 டாலருக்கு எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். ஹெலாக்கில் இன்னும் எடுக்க இடம் இருக்கிறது. தங்கம்தானே, கைவிடாது என்று நினைத்தாலும் இரவில் தூக்கம் வரவில்லை. மொத்தக் கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாது. வாங்கலாமா? இல்லை, அரிய காசுகளைப் பங்கு போட்டு விற்கும் ஆப்களில் போடுவது மேலா?

பதில்: ஸ்லாப் (தரம் சான்றளித்து மூடிய பிளாஸ்டிக் உறை), தரம், கழுவித் தேய்த்த காசு, வளையம் பற்றவைத்து நகையாகக் கிடந்த காசு, இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரசனையோடுதான் சேர்த்திருக்கிறீர்கள். 1807-இல் நாணயச்சாலைச் செதுக்குநர்கள் ராபர்ட் ஸ்காட்டின் பழைய வடிவத்தையும் ஜான் ரீச்சின் புதிய வடிவத்தையும் சேர்த்து வைத்திருப்பதைப் படித்தபோது எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. பிடித்த காசு கண்ணில் பட்டதும் வீட்டை ஏடிஎம் போலப் பயன்படுத்துகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் 'தங்கம்தானே' என்ற நினைப்பு. 1834-க்கு முந்தைய ஹாஃப் ஈகிளின் எடை 8.75 கிராம், 22 காரட். அதில் இருக்கும் சுத்தத் தங்கம் எட்டு கிராம். அவுன்ஸ் 4,000 டாலர் என்றே வைத்தாலும் சுமார் 1,030 டாலர்தான் வரும். மீதி 83,000 டாலர் அரிதான காசு என்பதற்காகவும் அதன் நிலைக்காகவும் நீங்கள் தரும் விலை. தங்கம் ஏறினால் அந்த 83,000-மும் கூடவே ஏற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதை நிர்ணயிப்பது இந்தக் காசைத் தேடுகிற, கையில் பணமும் வைத்திருக்கிற சிலர் மட்டுமே.

இந்த அருமைக்கு வரலாற்றில் உண்மையான காரணம் இருக்கிறது. 1792 சட்டம் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 1-க்கு 15 என்று மதிப்பு வைத்தது. ஐரோப்பாவில் தங்கத்துக்கு அதைவிடக் கூடுதல் விலை கிடைத்ததால் காசுகள் கப்பலேறி அங்கே உருக்கப்பட்டன. 1834-இல் புதுக் காசுகளின் தங்க எடையைக் குறைத்ததும், பழைய காசில் இருந்த தங்கம் அதன் ஐந்து டாலர் முகமதிப்பைத் தாண்டியதால், இங்கே மிஞ்சியிருந்தவற்றையும் உருக்குவது லாபமாகிவிட்டது. 1822 ஹாஃப் ஈகிள் 17,796 அடித்ததாகக் கணக்கு. இன்று தெரிந்தவை மூன்றே மூன்று, அதில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில்.

மூன்றாவது காசின் கதையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1982-இல் எலியாஸ்பெர்க் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பு ஏலத்தில் அது 6,87,500 டாலருக்குப் போனது. 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலர். பன்னிரண்டு மடங்கு! ஆனால் ஆன காலம் 38 வருடத்துக்கு மேல். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறரை சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஏலக் கமிஷனைக் கழித்தால் இன்னும் குறையும். அதே 6,87,500 டாலரை உங்கள் 8.5 சதவீத வட்டியில் கடன் வாங்கி அப்படியே விட்டிருந்தால், கடன் ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டியிருக்கும். இந்த வரிசையிலேயே தலைசிறந்த காசு ஹெலாக் வட்டியோடு போட்டி போட்டுத் தோற்றிருக்கும்.

இப்போது உங்கள் காசு. 84,000-க்கு வருட வட்டி 7,140. ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 36,000. ஆக, நஷ்டமில்லாமல் வெளியே வர உங்கள் கைக்கு 1,20,000 வந்தாக வேண்டும். ஏலத்தில் வாங்குபவர் தரும் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்தால், அவர் கொடுக்க வேண்டிய மொத்தம் 1,44,000. அதாவது உங்கள் காசு வருடத்துக்கு 11 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும், அதுவும் நீங்கள் அசலையே மீட்பதற்கு. லாபம் வந்தாலும், நெடுநாள் வைத்திருந்த பங்குகளுக்கு இருக்கும் குறைந்த வரி விகிதம் சேகரிப்புப் பொருட்களுக்குக் கிடையாது. மத்திய வரியே 28 சதவீதம் வரை போகும். வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ செலவழிக்காததால், வீட்டுக் கடன் வட்டிக்கான வரிக் கழிவும் இந்தக் கடனுக்கு வராது.

புதுக் காசையும் சேர்த்தால் கடன் 1,46,000. மாதம் 1,034 டாலர் வெறும் வட்டி. வட்டி மட்டும் கட்டும் காலம் பத்து வருடம் என்றால், உங்களுக்கு மீதி நான்குதான். அசலும் சேர்ந்து தவணை ஏறும்போது மகள் கல்லூரியில் பாதி வழியில் இருப்பாள்.

ஆப் விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன்: வேண்டாம். காசு கையிலும் இருக்காது, விற்க நினைக்கும் நாளில் ஆள் கிடைப்பார் என்பதும் நிச்சயமில்லை. ஐஆர்ஏ எனும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் அரிய காசு வாங்கலாம் என்று யாராவது போன் செய்தால் அதற்கும் இதே பதில்தான். அந்தத் தொகையை நீங்கள் கணக்கிலிருந்து எடுத்ததாகவே வரித்துறை கொள்ளும்.

சரி, என்ன செய்யலாம்? டீலரிடம் இந்த வாரமே காசை விடுவிக்கச் சொல்லுங்கள். 1795 இன்னொன்று ஏலத்துக்கு வரும், வந்துகொண்டுதான் இருக்கிறது. வங்கிக்கு எழுதி ஹெலாக்கில் புதிதாக எடுக்க முடியாதபடி முடக்கச் சொல்லுங்கள். 1807 ஜோடியை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் ஏலத்துக்கு அனுப்புங்கள். வாங்கிய டீலரிடமே திரும்பக் கொடுக்காதீர்கள். ஏல நிறுவனத்திடம் விற்பவர் கமிஷனைப் பேரம் பேசலாம், தயங்க வேண்டாம்.

மூன்றுக்கும் சேர்த்து 45,000 வந்தால் கடன் 17,000-க்கு இறங்கும். புதுக் காசுக்காக மாதம் 1,034 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதையே கட்டி வாருங்கள். ஒன்றரை வருடத்தில், மகள் கல்லூரிக்குக் கிளம்பும் முன்பே, கடன் முடிந்துவிடும்.

மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். 62,000 என்ற எண்ணையும் இந்தத் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்புறம், 1807 ஜோடிக்குத் தனிக் காப்பீடு எடுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் காசுகள் திருடுபோனால் பெரும்பாலும் 200 டாலர் அளவுக்குத்தான் கிடைக்கும், வங்கி லாக்கரில் வைத்தாலும், வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கும் எஃப்டிஐசி காப்பீட்டுப் பாதுகாப்பு கிடையாது.