மரைனை 'சோல்ஜர்' என்று அழைக்கலாமா?

கேள்வி: உளவியல் முனைவர் படிப்பில் இருக்கும் என் மகள், அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்கிறாள். அவர்களோடு எப்படிப் பேசத் தொடங்குவது? – வாசகி, மதுரை

பதில்: எந்தப் படை, என்ன வேலை, எத்தனை முறை போர்முனை என்று முதலில் கேட்கட்டும். 'சோல்ஜர்' தரைப்படைக்காரருக்கான சொல். மரைன் என்பவர் 'மரைன் கோர்' என்ற தனிப் படையின் வீரர்; அவரை அப்படி அழைத்தால் முகம் சுருங்கும். 'யாரையாவது கொன்றீர்களா?' என்று எடுத்த எடுப்பில் கேட்கவே வேண்டாம்.

சீருடை மட்டுமே அடையாளமல்ல. ஒருவர் கறுப்பினத்தவராகவோ நவாஹோ பழங்குடியினராகவோ பெண்ணாகவோ இருக்கலாம். 2013இல் வந்த, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இல் உள்ள பண்பாட்டு நேர்காணலின் 16 கேள்விகள் இதற்குத்தான். ஆனால் படிவம் நிரப்புவதுபோல் வரிசையாக வாசித்தால் உரையாடல் செத்துவிடும்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயின் (பிடிஎஸ்டி) அறிகுறிகளை அவர்களே குறிக்கும் பிசிஎல்-5 வினாப்பட்டியலில் 20 கேள்விகள். மொத்தம் 80 மதிப்பெண். 31–33ஐத் தொட்டால் அந்த நோய் இருக்கலாம். அதுவே நோய் முடிவாகாது. வலியை வெளிக்காட்டாமல் பழகியவர்கள் குறைத்தே எழுதுவார்கள். தூக்கம் எப்படி, ஓட்டலில் சுவரோரமாக வாசலைப் பார்த்துத்தான் உட்காருகிறாரா என்று பேச்சுவாக்கில் விசாரித்தால் உண்மை வரும்.

தற்கொலை அபாயத்தைக் கருதி, வீட்டில் துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்பதையும் தயங்காமல், குற்றம் சாட்டும் தொனியின்றிக் கேட்க வேண்டும். படைவீரர் நலத்துறை பூட்டை இலவசமாகவே தருகிறது.