அருண் கேதர்பாலின் நினைவு இன்று எப்படிப் போற்றப்படுகிறது?

1971 போரில் உயிரிழந்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேதர்பாலை நாடு எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவருக்கு அப்போது வயது 21. பணியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் அவருடைய டாங்கி தீப்பிடித்தது. வெளியேறச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார். மறுநாளே போர்நிறுத்தம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கினார்கள். 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வந்தது. ஆனால் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது, புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயரை வைத்ததுதான். அவரும் அங்கே பயின்றவர். இப்போது அங்கே நடைபோடும் மாணவர்களுக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான்.