ஹலோன்னா என்ன அர்த்தம்னு குழந்தை கேட்டா எப்படி சொல்றது?

வணக்கம்னு சொல்லி முடிச்சிடாதீங்க. அப்படி சொன்னா, அப்போ போன்ல சரியா கேக்கலைன்னா மட்டும் ஏன் வணக்கம் வணக்கம்னு கத்தாம ஹலோ ஹலோன்னு கத்தறீங்கன்னு அடுத்த கேள்வி வரும். எங்க அக்கா பொண்ணு என்னை அப்படித்தான் மடக்கினா, யூகேஜி படிக்கறா.

உண்மையில ஹலோவுக்கு அர்த்தத்தை விட வேலைதான் பெருசு. கதவைத் தட்டற மாதிரி. டொக் டொக்குக்கு என்ன அர்த்தம்னு யாராவது கேக்கறோமா, நான் வந்திருக்கேன் உள்ள யாராவது இருக்கீங்களா, அவ்ளோதான். இப்படி சொன்னா வாண்டுங்களுக்கே புரிஞ்சிடும்.

அதோட விடாம நடிச்சும் காட்டுங்க. டிவி ரிமோட்டை காதுல வெச்சுக்கிட்டு முதல்ல சாதாரணமா ஒரு ஹலோ, அப்புறம் லைன்ல ஆள் இருக்காங்களான்னு தெரியாம இழுக்கற "ஹலோஓஓ?", அப்புறம் க்யூவுல நடுவுல புகுந்தவரைப் பார்த்து விடற "ஹலோ!", இந்த மூணாவதுல மரியாதையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு அதுங்களே சிரிச்சுக்கிட்டே சொல்லிடும்.

கொஞ்சம் பெரிய பசங்கன்னா கதையும் சொல்லலாம். 1876ல கிரகாம் பெல் டெலிபோனுக்கு பேட்டன்ட் வாங்கினப்போ, போனை எடுத்ததும் என்ன சொல்லணும்னு வழக்கமே கிடையாது. பெல்லுக்குப் பிடிச்சது 'அஹாய்', கப்பல்ல இருக்கறவங்க இன்னொரு கப்பலைக் கூப்பிடற சத்தம் (இதை சொன்னீங்கன்னா கொஞ்ச நாளைக்கு வீட்ல எல்லா போனுக்கும் அஹாய்தான், தயாரா இருங்க). எடிசன் 1877ல ஒரு லெட்டர்ல, ஹலோன்னு கூப்பிட்டா 10, 20 அடி தள்ளி இருக்கறவங்களுக்கே கேக்கும், இதுக்குன்னு தனியா மணி எதுக்குன்னு எழுதினார். கடைசில நிலைச்சது ஹலோதான். அவர் புதுசா உருவாக்கின வார்த்தை இல்ல அது, ஆளைக் கூப்பிடவும் ஆச்சரியப்படவும் இங்கிலீஷ்ல ஏற்கனவே இருந்ததுதான்.

ஒண்ணே ஒண்ணு, வாட்ஸ்அப்ல சுத்தற அந்த மார்கரெட் ஹலோ கதையை மட்டும் சொல்லிடாதீங்க, பெல்லோட காதலி பேராம், அவர் முதல்ல கூப்பிட்டது அவங்களைத்தானாம். சுத்த ரீல். 1876ல அவர் முதல்ல போன்ல கூப்பிட்டது உதவியாளர் வாட்சனை, அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கிட்டது மேபல் ஹப்பர்டை, அவங்களுக்கோ சின்ன வயசுலயே காய்ச்சல் வந்து காது கேக்காம போயிடுச்சு.