எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஓடலாமா டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 1,500 மீட்டர் ஓடுகிறாள். கோடை விடுமுறையில் செம்மண் மைதானத்தை விட்டு சிந்தெடிக் டிராக்குக்கு மாறினாள். ஒரு வேளைப் பயிற்சி இரண்டு வேளையானது. மூன்று வாரமாக வலது பாதத்தின் மேல்பக்கம் வலி. எக்ஸ்ரே எடுத்த அன்றே, 'ஒன்றுமில்லை, சுளுக்கு' என்று மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே ஓடுகிறாள். ஐந்து வாரத்தில் மாவட்டப் போட்டி. ஓடலாமா? (ஆளும் இளைத்துவிட்டாள். மூன்று மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. பயிற்சி செய்தால் அப்படித்தானாம்.)
– ஒரு தாய், திருச்சி.

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே அம்மா, அதிலிருந்தே தொடங்குகிறேன். அது 'அப்படித்தான்' இல்லை. ஓடிச் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு தன்னைப் பழுதுபார்ப்பதும் மந்தமாகும். விடிகாலையில் ஓடிவிட்டு இரண்டே இட்லியோடு பஸ் பிடிக்கிற பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். மகப்பேறு மருத்துவரையும் உணவு ஆலோசகரையும் பாருங்கள்.

அந்த எக்ஸ்ரேயை நம்பாதீர்கள். ஓடி ஓடி எலும்பில் விழுகிற மயிரிழை விரிசல் முதல் இரண்டு, மூன்று வாரம் படத்தில் பெரும்பாலும் தெரியாது. நீங்களே பாதத்தின் மேல் விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

இடம் முக்கியம். இரண்டாம், மூன்றாம் விரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பு என்றால், கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி போட்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும். கணுக்காலுக்குச் சற்று முன்னே, பாதம் மேடாக இருக்குமே, அங்கே என்றால் நேவிகுலர் எலும்பாக இருக்கலாம். அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. சுமார் ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றுகோல்தான். சீனக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு 2008-ல் விரிசல் விட்டது இந்த எலும்புதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பாதமும் கணுக்காலும் மாறி மாறிப் படுத்தி, 2011-ல் 30 வயதிலேயே ஆட்டத்தை விட்டார்.

கல்லூரியில் நானும் வலி மாத்திரையோடு ஓடியவன்தான். ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது எனக்கு ஐந்து மாதம் இழுத்தது.

எனவே இந்த மாவட்டப் போட்டி வேண்டாம். அழுவாள், அழட்டும். மருத்துவர் சம்மதித்தால், மிதவை கட்டிக்கொண்டு ஆழமான நீச்சல் குளத்தில் ஓடச் சொல்லுங்கள். மூச்சுப் பழக்கம் விட்டுப்போகாது. வலியில்லாமல் அரைமணி நேரம் நடக்க முடிந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள். ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்டக் காலணி, எல்லாவற்றுக்கும் கடைசியில்.