மறு: வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வணக்கம் நண்பரே,

வெள்ளிக்கிழமைக்குள் 2 லட்சம் கொடுக்காவிட்டால் மனை கைமாறிவிடும் என்று புரோக்கர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். போனால் போகட்டும்.

13 வருட வில்லங்கம், அதாவது மனைமீது பதிவான ஆவணங்களைக் காட்டும் சான்று, போட்டுப் பார்த்தது நல்ல காரியம். ஆனால் அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது.

என்னை உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி. 2014-ல் முந்தைய உரிமையாளர் இறந்தபின், அவர் மனைவி தனக்கும் மைனர் பிள்ளைகளுக்குமாகக் கையெழுத்திட்டு இப்போதைய உரிமையாளருக்கு விற்றிருக்கிறார். தகப்பன் விட்டுப்போன சொத்தில் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை விற்க, 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால், பிள்ளை மேஜரான 3 வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை (விற்பனையை) எதிர்த்து வழக்குப் போடலாம். அன்று 4 வயதுக் குழந்தை என்றால் 2031 வரை உங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கும். வில்லங்கத்தில் இது வெறும் 'கிரயம்' என்று ஒரு வரியாகத்தான் இருக்கும்.

அந்தக் கிரயப் பத்திரத்தின் முழு நகலையும் வாரிசுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். தாய்ப்பத்திரம் (மனையின் முந்தைய மூலப்பத்திரம்), 30 வருட வில்லங்கம், மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாவற்றையும் நீங்களே தேர்ந்தெடுத்த வக்கீலிடம் கொடுங்கள். புரோக்கர் கைகாட்டும் வக்கீல் வேண்டவே வேண்டாம். பட்டா விற்பவர் பெயரில் இருப்பது ஆறுதல்தான், ஆனால் பட்டா மட்டும் உரிமையை நிலைநாட்டாது.

பிள்ளைகளில் யாராவது மேஜராகியிருந்தால், அவர்களும் உங்கள் பத்திரத்தில் கையெழுத்திடுவார்களா என்று முதலில் கேளுங்கள்.