ரத்தம் நின்றுவிட்டது, குடல் ஆறிவிட்டதா?

கேள்வி: 11 வயது மகளுக்கு அல்சரேடிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலின் உள்சவ்வு அழன்று புண்ணாகும் நாள்பட்ட நோய். அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறாள். ஐந்து மாதமாக மலத்தில் ரத்தம் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். முதலில் அடங்குவது அறிகுறிகள்தான். பெருங்குடலின் உள்சவ்வு ஆறப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். உள்ளே அழற்சி மிச்சமிருக்கும்போது மருந்தை விட்டால் நோய் திரும்பக் கிளம்பும்.

ஆறியதா என்று அறிய மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதம் இது. கிராமுக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் ஆறிவிட்டது என்று நம்பலாம். 250-ஐத் தாண்டினால் அழற்சி இருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். நடுவில் வந்தால் பதற வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். காலையில் போகும் முதல் மலத்தைக் கொடுப்பது நல்லது. ஆய்வகத்தை மாற்றாதீர்கள், பரிசோதனை முறை மாறினால் எண்ணும் மாறும்.

சந்தேகம் தீராவிட்டால் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது. ஆறிய குடலில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகத் தெளிவாகத் தெரியும். ஆறாத இடம் சிவந்து, லேசாக உரசினாலே ரத்தம் கசியும்.

முழுக்க ஆறிய பிறகும் மருந்து ஆண்டுக்கணக்கில் தொடரும். அதுதான் நோயை அடக்கி வைத்திருக்கிறது. மெசலமைன் அரிதாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், ரத்தத்தில் கிரியேட்டினினையும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) சிறுநீரில் புரதத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 14 வயது மகனுக்கும் இதே நோய். மெசலமைனில் இரண்டு வருடம் நன்றாக இருந்தான். இப்போது மீண்டும் ரத்தம். மருந்து பலிக்காமல் போய்விட்டதா?

பதில்: அந்த முடிவுக்கு வருமுன் மூன்றைப் பாருங்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா? இந்த வயதில் நோய் திரும்ப மாத்திரை தவறுவதே முக்கியக் காரணம். திட்டாமல் கேளுங்கள், டப்பாவில் மிச்சத்தை எண்ணுங்கள். நசுக்கியோ மென்றோ விழுங்குகிறானா என்றும் கேளுங்கள். மேல்பூச்சு உடைந்தால் மருந்து பெருங்குடலை எட்டுமுன்பே கரைந்துவிடும்.

அடுத்தது எடை. வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 முதல் 80 மில்லிகிராம், உச்சம் 4.8 கிராம். 30 கிலோவில் தொடங்கிய 2.4 கிராம் அன்று கிலோவுக்கு 80. பையன் 45 கிலோவானதும் அதுவே 53தான். வளரும் பிள்ளைகளிடம் இது எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது.

மூன்றாவது தொற்று, குறிப்பாக கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா. ஸ்டீராய்டைக் கூட்டுமுன் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியென்றால் மாத்திரையோடு மெசலமைன் எனிமாவும் (ஆசனவாய் வழியே செலுத்தும் திரவ மருந்து) சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும். ஸ்டீராய்டு, கிளம்பிய அழற்சியை அடக்க மட்டுமே. அதை நீட்டித்தால் வளர்ச்சி குன்றும், எலும்பு பலவீனமாகும். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் ரத்தம் வந்தால் அடுத்த நிலை மருந்துக்கு மாறும் நேரம் அது. ரத்தத்தோடு நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் போனாலோ, இரவில் எழுந்து ஓடினாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: இந்த நோயுள்ள பிள்ளைக்குத் தலைவலி, காய்ச்சல் வந்தால் எதைக் கொடுக்கலாம்?

பதில்: எடைக்கேற்ற பாராசிட்டமால். இபுப்ரோஃபென் வகை வலிமாத்திரைகள் அடங்கிய குடலையும் கிளறிவிடக்கூடும், தவிர்த்துவிடுங்கள்.